அடுப்பைப் பார்த்த பசு

அந்தக் காலத்தில், மாடுகளும் நம்மைப் போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலத்தில், வேல்ஸ் நாட்டு மலைச்சரிவு ஒன்றில் மாரெத் என்று ஒருத்தி இருந்தாள். வீடு மேட்டு உச்சியில். மாட்டுக் கொட்டகை பள்ளத்தில். எந்தப் புண்ணியவான் அப்படிக் கட்டினானோ, நடுவே வழி நெடுக வழுக்குப் பாறை. மழையோ, கேட்கவே வேண்டாம். அந்த ஊரில் மழை நின்றால்தான் செய்தி.

மாரெத் வைக்கோலைச் சுமந்து இறங்கினாள், பால் வாளியைச் சுமந்து ஏறினாள். பிள்ளை பெற்ற உடம்பு இன்னும் தேறவில்லை. தாய்ப்பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை இத்தெல், பென்வென் என்ற பசுவின் பாலில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தான். நடக்க முடியாத அசதியிலும் அவள் அந்தப் பாறையில் ஏறி இறங்கியது அவனுக்காகத்தான்.

ஒருநாள் மத்தியானம் எவ்வளவு பீய்ச்சியும் வாளியின் அடிகூட நனையவில்லை.

“என்னடி ஆச்சு உனக்கு?” என்றாள் மாரெத்.

“கோவிச்சுக்காதே பொண்ணே” என்றது பென்வென். “ஒரே குளிர், ஒரே இருட்டு. நீ கறந்துட்டுப் போயிடறே. அப்புறம் நான் சுவரைப் பார்த்துக்கிட்டு நிக்கிறேன். புல்லு வயித்துக்குள்ளே போகுது, பால்தான் இறங்க மாட்டேங்குது. அடுப்பு, அடுப்புன்னு சொல்றியே, அதைக் கண்ணாலயாவது பார்த்தா மடி சுரக்கும்.”

“அடுப்பு மேலே இருக்கே, மகராசி!”

“தெரியும். அந்தப் பாறையிலே ஏற என்னால முடியாது.”

“என்னாலயும்தான் முடியலே” என்றாள் மாரெத். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு நிஜம் என்று அவளுக்கே உறைத்தது. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள்.

பிறகு கடைசித் தடவையாக ஏறினாள். அவள் புருஷன் கடோக், எரிப்பதற்கு மண்கட்டி வெட்டச் சதுப்பு நிலத்துக்குப் போயிருந்தான். அந்த வீட்டு அடுப்பு அவன் முப்பாட்டன் மூட்டியது, ஒருநாளும் அணையவிட்டதில்லை. அது அணைந்தால் குடும்பமே அணைந்த மாதிரி என்பார்கள். மாரெத் அதையெல்லாம் யோசிக்கவில்லை. குழந்தையை முதுகில் கட்டினாள். தணலை ஒரு கங்குகூட மிச்சம் வைக்காமல் இரும்புச் சட்டியில் அள்ளி மூடினாள். மிச்சம் வைத்தால் அதைப் பார்க்க மறுபடி ஏற வேண்டுமே!

கொட்டகைக்குள் வாசலை ஒட்டி, பசுவுக்குக் கீழே பள்ளத்துப் பக்கமாகத் தணலைக் கொட்டி மூட்டினாள். அந்த வெளிச்சத்தைக் கண்டதும் பென்வென்னுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாலைத் தூக்கியது. தரையும் சரிவுதானே! மூத்திரம் நேராக ஓடிவந்து தணலில் பாய, சுர்ரென்று எல்லாம் கறுத்தது.

“அடி பாவி! என் குடியைக் கெடுத்தியே!” மாரெத் வெறுங்கையால் சாம்பலைத் துழாவினாள்.

“நான் வேணும்னா செஞ்சேன்? எனக்குக் கீழே வந்து அடுப்பு மூட்டலாமா நீ?” என்றது பசு, பரிதாபமாக.

ஒரே ஒரு கங்கு மட்டும் கண் விழித்திருந்தது. கை பொசுங்கப் பொசுங்க அதை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே பசுவுக்கு மேட்டுப் பக்கம் ஓடினாள். தட்டைக் கல்லில் வைத்து, வைக்கோலைப் போட்டு, இல்லாத மூச்சையெல்லாம் கூட்டி ஊதினாள். அழுதுகொண்டே ஊதினாள். பற்றிக்கொண்டது.

பென்வென் அசையாமல் தீயையே பார்த்தது. கொஞ்ச நேரத்தில் மடி கனத்தது. குழந்தை வயிறு நிறையக் குடித்தான்.

சதுப்பு நிலத்திலிருந்து பார்த்த கடோக்குக்கு வீட்டுக் கூரையில் புகை தெரியவில்லை. பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்து விழுந்தடித்து ஓடிவந்தவன், கொட்டகையில் வெளிச்சத்தைக் கண்டு உள்ளே நுழைந்தான்.

“சத்தம் போடாதீங்க, இப்பத்தான் தூங்கினான்” என்றாள் மாரெத். “இனி நான் ஏற மாட்டேன். அடுப்பு இங்கேதான்.”

“மாட்டோடயா குடியிருக்கிறது? ஊர் சிரிக்காதா?”

“சிரிக்கட்டுமே. சிரிக்கிறவங்க வாளியைத் தூக்கிட்டு ஒரு தடவை அந்தப் பாறையிலே ஏறட்டும்.”

“நடுவிலே ஒரு சுவராவது வைக்கிறேன்.”

“வையேன்” என்றது பென்வென். “நாளைக்குப் பால் கேக்காதே.”

கடோக் பிள்ளையின் கடைவாயில் வழிந்திருந்த பாலைப் பார்த்தான். அப்புறம் மனைவியின் வெந்துபோன கையைப் பார்த்தான். விடிந்ததும் மேட்டு வீட்டின் கற்களைப் பெயர்த்துச் சுமந்து இறக்க ஆரம்பித்தான். ரெண்டே நடையில் அவனுக்கும் முழங்கால் கழன்றது. கொட்டகையை மேட்டுப் பக்கமாக நீட்டிக் கட்டி, நடுவில் ஒரு நடைவழி விட்டு, மனுஷருக்கும் மாட்டுக்கும் ஒரே வாசல் வைத்தான்.

அன்று முதல்தான் அந்த மலைநாட்டார் சரிவில் வீட்டை நீளமாகக் கட்டி, மேட்டுப் பக்கம் தாங்களும் பள்ளத்துப் பக்கம் மாடுகளுமாக ஒரே கூரையின் கீழ் குடியிருக்கிறார்கள். அன்று முதல்தான் நடைவழிக்கு அப்பாலிருந்து மாடு அடுப்பைப் பார்த்து விழித்திருக்கிறது, அடுப்படியில் உட்கார்ந்தபடியே ஒரு தாய் தூங்கிப்போகிறாள்.