எண்ணெய் காயாத பெஞ்சு

"அம்மா, பெஞ்சு கறுத்துக்கிட்டே வருது. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள், மோட்சத்தைப் பற்றிக் கேட்பார்கள். மகனுக்கு எப்போது கல்யாணம் கூடும் என்று கேட்பவர்களும் உண்டு. பெஞ்சைப் பற்றிக் கேட்டவர் நல்லபெருமாள் ஒருவர்தான்.

ஆசிரமத்தை நடத்துகிற வடிவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நல்லபெருமாளைவிட இருபத்தைந்து வயது இளையவர். இருந்தாலும் அவர் வந்தால் ஆசிரமத்தில் எல்லோரும் எழுந்து இடம் விடுவார்கள். நல்லபெருமாளும் விடுவார்.

"என்னத்தப் பூசுதீங்க?"

"லின்சீடு எண்ணெய்ம்மா. பெயின்ட் கடையில வாங்குனது. மாசம் தவறாமப் பூசுதேன்."

"எதுக்கு?"

"நெறம் போயிரக் கூடாதுல்லா."

"போனா?"

நல்லபெருமாள் தோள்துண்டை எடுத்து மடித்தார். மின்வாரியத்தில் முப்பத்தாறு வருஷம் கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கிய மனிதர். பேச்சுக்குத் திணறுகிறவர் இல்லை.

"அவ மொகமும் போயிரும்மா," என்றார்.

அவள் என்றால் ஆவுடை. அவர் மனைவி. போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டைப் பூட்டிய கையோடு, முற்றத்தில் கிடந்த தேக்குப் பெஞ்சை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவர் இங்கே வந்துவிட்டார். கிணற்றுக்குப் பக்கத்தில், வானம் பார்த்த வெட்டவெளியில் அதைப் போட்டார். யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று இந்தக் கைப்பிடிக்கும் அந்தக் கைப்பிடிக்கும் குறுக்கே ஒரு கொடிக்கயிற்றையும் கட்டிவைத்தார். அவரும் உட்காரவில்லை.

எண்ணெய் பூசிய அன்று பெஞ்சு பொன்னாக மின்னும். அன்று அவருக்குச் சோறு இறங்கும். பத்து மழை விழுந்ததும் எண்ணெய் ஊறிய இடமெல்லாம் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். அன்றிலிருந்து மனிதர் யாரோடும் பேச மாட்டார்.

"அந்த டின்னை எடுத்துட்டு வாங்க," என்றார் வடிவம்மா.

எடுத்துக்கொண்டு வந்தார்.

வடிவம்மா நேரே கிணற்றடிக்குப் போனார். கப்பி பல நாளாகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. டின்னைச் சாய்த்து அதற்கு ஊற்றினார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது.

"இது எண்ணெய் கேட்டுச்சு," என்றார். "பெஞ்சு கேக்கல. தேக்குக்கு உள்ளயே எண்ணெய் இருக்குய்யா."

மிச்சம் இருந்ததையும் கப்பிக்கென்று எடுத்துவைத்துக்கொண்டார்.

அன்று பெஞ்சைக் கழுவப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் தேங்காய் நாரும் நல்லபெருமாள் கைக்கு வந்தன. மரத்தின் வரி ஓடுகிற போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது என்றார் வடிவம்மா. அழுக்குப் போகத் தேய்த்தால் போதும், ஆத்திரம் தீரத் தேய்க்க வேண்டாம் என்றும் சொன்னார்.

"இனி ஒரு வருசம் கை வைக்காதீங்க. வெயில் அடிக்கட்டும், மழை பெய்யட்டும்."

"ஒரு வருசமா?"

வடிவம்மா கீரைக்குத் திரும்பிவிட்டார்.

அந்த வருஷம் நல்லபெருமாள் பட்ட பாட்டை அவர் ஒருவர்தான் அறிவார். காலையில் துணியும் கையுமாகப் பெஞ்சுவரை போவார், திரும்புவார். கை துறுதுறுக்கும். பார்க்கவே கூடாது என்று குளிக்கப் போகிற பாதையை மாற்றிக்கொண்டார். அப்படியும் கால் அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

கார்த்திகை மழையில் கறுப்பு கரைந்தது. பங்குனி வெயிலில் பொன்னும் போனது. சித்திரை பிறந்தபோது பெஞ்சு சாம்பல் பூத்துக் கிடந்தது.

"போயிருச்சும்மா," என்று வந்து நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "எல்லாம் போயிருச்சு."

"வாங்க, பாப்போம்."

இருவரும் பெஞ்சருகே வந்து நின்றார்கள்.

"அவங்க இதுல எப்படி இருப்பாங்க?" என்று கேட்டார் வடிவம்மா. "காலை மடக்கியா, தொங்கப் போட்டா?"

சொல்ல வாயெடுத்தார் நல்லபெருமாள். மறுபடி யோசித்தார். ஆவுடை பெஞ்சருகே நிற்பது ஞாபகம் வந்தது. அவர் துணியோடு வந்ததும் அவள் பெஞ்சிலிருந்து எழுந்திருப்பது ஞாபகம் வந்தது. உட்கார்ந்திருப்பது மட்டும் வரவில்லை.

"இந்தப் பெஞ்சு அவ ஆசைக்குச் செஞ்சதும்மா," என்றார் மெதுவாக. "ஆசாரியக் கூப்பிட்டு அவதான் அளவு சொன்னா. ரெண்டு பேரு இருக்கணும், மூணாவதா ஒரு ஆளு வந்தா எடமே இருக்கக் கூடாதுன்னா. ஆசாரி சிரிச்சுட்டாரு."

"பெறவு?"

"அது வீட்டுக்கு வந்த நாள்லருந்து எனக்குப் பெஞ்சுப் பைத்தியம் பிடிச்சிட்டு. ஊர்ல ஒருத்தன் வீட்டுலயும் இப்படிச் சாமான் கெடையாதுல்லா. துடைப்பேன், உப்புத்தாள் போட்டுத் தேப்பேன், எண்ணெய் பூசுவேன். எண்ணெய் பூசுனா ரெண்டு நாளைக்கு யாரும் இருக்கப்படாது. சேலையில பட்டா கறை, பெஞ்சுல பட்டா தடம்."

வடிவம்மா குறுக்கே கட்டியிருந்த கொடிக்கயிற்றைப் பார்த்தார்.

"சாயங்காலம் ஆச்சுன்னா, 'ஏங்க, கொஞ்ச நேரம் வந்து இருங்களேன்'னு கூப்பிடுவா. 'இரு ஆவுடை, காயட்டும்'பேன். காஞ்சிருக்கும். நான் அதுக்குள்ள அடுத்த தடவை பூசியிருப்பேன்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடைசி நாளும் கூப்பிட்டாம்மா. அன்னைக்கும் ஈரம். வாசப்படியில தனியா இருந்தா. நான் இந்தப் பக்கம் துணிய வச்சுத் துடைச்சிக்கிட்டு நிக்கேன். ஒரு பேச்சுக்குக்கூடத் திரும்பிப் பாக்கல. அவ அப்படியே சாஞ்சிட்டா. பெஞ்சு வந்த பதினோரு வருசத்துல ஒரு சாயங்காலம்... ஒரே ஒரு சாயங்காலம் அவகூட இதுல இருந்திருக்கலாம். எனக்கு அதுதான் வேணும்மா. வேற மோட்சம் ஒண்ணும் வேண்டாம்."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் யாரோ தண்ணீர் இறைத்தார்கள். கப்பி சத்தம் போடவில்லை.

வடிவம்மா உள்ளங்கையைப் பெஞ்சின் மேல் அழுத்திவைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தடவினார். கையைத் திருப்பி அவரிடம் காட்டினார். பிசுக்கு இல்லை.

"காஞ்சிருச்சுய்யா."

கொடிக்கயிற்றையும் அவரே அவிழ்த்தார்.

நல்லபெருமாள் வெகுநேரம் நின்றார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, வலது கோடியில் ஒட்டி உட்கார்ந்தார். மரம் வெயிலை வாங்கிக் கதகதப்பாக இருந்தது. இடது பக்கம் இன்னும் ஒருவருக்கு இடம் கிடந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

நின்று நின்று கால் கடுத்திருக்க வேண்டும். வடிவம்மா சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் உட்காரப் போனார்.

நல்லபெருமாள் எழுந்திருக்கவில்லை. இடது கையைக் காலி இடத்தில் வைத்தார்.

"அம்மா, ஆள் இருக்கு."

வடிவம்மா கீழே தரையில் உட்கார்ந்துகொண்டார்.