மூடி போட்டு எடுத்த படம்

"எவனோ ஒருத்தன் விளக்குப் போட்டிருக்கான். என் படத்தையே நாசம் பண்ணியிருக்கான். யாருன்னு தெரியும். பேரைச் சொல்லத்தான் வாய் கூசுது!"

விடிந்தும் விடியாததுமாக அருணகிரி போட்ட சத்தத்தில் மலைமேட்டுக் கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. பழைய டிராக்டர் வாங்கி விற்கிற மனுஷன். சந்தையில் அடிபட்டு மிதிபட்டு மேலே வந்தவர். ஏமாந்துவிட்டோம் என்று பட்டுவிட்டால் எதிரில் நிற்பது அப்பனா பிள்ளையா என்று பார்க்கமாட்டார்.

லேப்டாப்பில் அவர் ராவெல்லாம் காத்திருந்து பிடித்த நட்சத்திரக் கூட்டம், ஒரு சிட்டிகை அரிசி மாவைத் தூவினதுபோல இருந்தது. அந்த வெளிச்சம் அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் மனிதனே கிடையாது. அத்தனை தூரம் வந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில், படத்தின் மூலையில், செக்கச்செவேலென்று ஒரு கறை.

லேப்டாப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் வேடியப்பன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், அருணகிரியோடு சேர்ந்து இங்கே வானத்தைப் படம்பிடிக்கப் படிக்கிறவர். சொந்தமாக டெலஸ்கோப் கிடையாது, அருணகிரியுடையதில்தான் பழகுகிறார். அவர் பை ஏற்கெனவே வெளியே சரளையில் போய் விழுந்திருந்தது. எறிந்தது அருணகிரி.

"டீச்சர், ரெண்டில் ஒண்ணு. இந்த ஆள் மலையை விட்டு இறங்கணும், இல்லை என் டெலஸ்கோப் இறங்கணும்."

டீச்சர் என்றால் பர்வீன். அதைச் சொல்லிக்கொடுப்பவள், இருவரையும்விட வயதில் ரொம்பச் சின்னவள்.

"நான் பீடிகூடப் பத்த வைக்கலைங்க," என்றார் வேடியப்பன்.

"எந்தத் திருடன்யா ஒத்துக்கிட்டிருக்கான்?"

பர்வீன் கேட்டாள்: "இப்போ என்ன செய்யணும்ங்கிறீங்க அண்ணா?"

"செஞ்சவன் எவனோ, அவனே வந்து சரி பண்ணணும். பேரம் கிடையாது."

"பேச்சு மாறமாட்டீங்களே?"

"பேச்சு மாறியிருந்தா சந்தையில் என் தோலை உரிச்சிருப்பாங்க."

பர்வீன் கேமராவை டெலஸ்கோப்பிலிருந்து கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"மூடியைப் போடுங்க."

போட்டார்.

"கம்பளியில் சுத்தி அந்த இரும்புப் பெட்டிக்குள்ளே வைங்க. ராத்திரி எவ்வளவு நேரம் வச்சு எடுத்தீங்களோ, அதே நேரம் வச்சு ஒரு படம் எடுங்க."

படம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளியே ஒரு குரங்கு வந்து பையை மோந்துவிட்டுப் போனது.

வந்தது படம். மூடிய கேமராவுக்குள் ஏது வானம்? ஏது நட்சத்திரம்? கும்மிருட்டு. ஆனால் மூலையில் அதே செக்கச்செவேல் கறை.

"பெட்டியில் ஓட்டை இருக்கும்," என்றார் அருணகிரி.

"இன்னொரு கம்பளி சுத்துங்க."

சுற்றினார். எடுத்தார். கறை இம்மிகூட நகரவில்லை.

"அப்போ வித்தவன் என் தலையில் கட்டிட்டான்! அவனை..."

"நேரம் கூடக்கூட என் கேமராவிலும் இது விழும். கேமராவோட சொந்தச் சூட்டில் உள்ளேயிருந்து வர்றது. அதுக்குத்தான் மூடி போட்டு ஒரு படம் எடுத்து, வானத்துப் படத்திலேர்ந்து அதைக் கழிக்கிறோம்."

"இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

வேடியப்பன் தொண்டையைச் செருமினார். "சொன்னாங்க. இருட்டைப் போய் எவனாவது படம் எடுப்பானான்னு சிரிச்சது நீங்கதான்."

அருணகிரி சுற்றின கம்பளியைப் பிரித்தார். மடித்தார். மடித்ததையே மறுபடி பிரித்தார்.

"சரி டீச்சர். ஒரு பேச்சுக்கு வருவோம். டெலஸ்கோப் இங்கேயே இருக்கட்டும். நானும் இனிமே எதுவும் பேசலை. அவர் பையை அவரே எடுத்துக்கிட்டு உள்ளே வந்துடட்டும். முடிஞ்சுபோச்சு."

பர்வீன் அவரைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வெளியே சரளையைப் பார்த்தாள்.

"யாரோ ஒருத்தர் ஒரு பையை எறிஞ்சிருக்கார். பேரைச் சொல்ல எனக்கும் வாய் கூசுது. எறிஞ்சவர் எவரோ, அவரே போய் எடுத்து, தட்டி, உரியவர் கையில் கொடுக்கணும். பேரம் கிடையாது."