தையல்நாயகி மறந்த மாலை

தையல்நாயகி ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்தபோது அவளுக்கு நாற்பது வயது. குருவுக்கு முப்பத்திரண்டு. வயதைப் பார்க்காமல் காலில் விழுந்தாள்.

"என்ன வேணும், அம்மா?"

"என் பொண்ணு அல்லி, ஆறு வயசு, காய்ச்சல்ல போயிட்டா. ரெண்டு வருஷமாச்சு. இந்த ஏக்கம் தீரணும், சாமி. வேற எதுவும் வேண்டாம்."

குரு ஒரு சாவியை எடுத்து நீட்டினார். "தோட்டத்துக் கதவுச் சாவி. சாயங்காலம் ஊர்ப் பிள்ளைங்க விளையாட வருவாங்க. திறந்துவிடுங்க."

அவள் முகம் வெளுத்தது. "பிள்ளைங்க சத்தம் கேக்காத இடமா இருக்கும்னுதானே இங்க வந்தேன்?"

"திறந்துவிட்டாப் போதும். பார்க்க வேண்டாம்."

அது ஆடி மாதம். பிள்ளைகள் ஓலைக் காற்றாடிகளோடு ஓடி வந்தார்கள். அவள் கதவைத் திறந்துவிட்டு மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். முதுகுக்குப் பின்னால் காற்றாடிகள் விர்ரென்று சுற்றின. "என்னுதுதான் வேகம்!" என்று ஒரு குரல். அப்படியே அல்லியின் குரல். திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒரு பையன்.

பிள்ளைகள் போன பிறகு கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். அல்லியின் மூச்சு நின்றது ஓர் அந்தி நேரத்தில். அன்றிலிருந்து ஒருநாளும் தவறாமல் அந்த நேரத்தில் மகளின் பெயரை மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். சொல்லாமல் ஓர் அந்தியும் போனதில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது.

"இன்னும் தீரல, சாமி."

குரு உள்ளே போய் நான்கு துண்டுகளோடு வந்தார். "பிள்ளைங்க நனைஞ்சுக்கிட்டே சேத்துல அணை கட்டுறாங்க. தலையைத் துவட்டி வீட்டுக்கு அனுப்புங்க."

துவட்டினாள். மண்ணும் மழையும் கலந்த பிள்ளைத் தலையின் வாசனை. செல்லாயி என்கிற சின்னப் பெண், துவட்டி முடிக்கும்வரை தன் மொத்தக் கனத்தையும் அவள் வயிற்றில் சாய்த்துக்கொண்டு நின்றாள். அன்று இரவு தையல்நாயகிக்குச் சோறு இறங்கவில்லை.

"ஏக்கம் கூடிப்போச்சு, சாமி," என்றாள் மறுநாள்.

"சரி," என்றார் குரு.

மார்கழியில் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். பிள்ளைகள் விடியும்போதே வந்து, பனியில் நின்று வாயைக் குவித்துப் புகை விட்டார்கள்.

"அத்தை, நீங்களும் விடுங்க!" என்றாள் செல்லாயி.

"போடி, வேலை கிடக்கு."

எல்லோரும் போன பிறகு, யாரும் பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, வாயைக் குவித்து ஊதினாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. புகை வரவில்லை. மறுநாள் பிள்ளைகளோடு நின்று ஊதினாள். வந்தது.

சித்திரையில் இலவங்காய்கள் வெடித்துத் தோட்டமெங்கும் பஞ்சு பறந்தது. பிள்ளைகள் அதைத் துரத்தினார்கள். அலுத்ததும் கண்ணாமூச்சிக்கு மாறினார்கள்.

"அத்தை, நீங்களும் ஒளியணும்."

"நானா? நாப்பது வயசு எனக்கு."

"அதுனால என்ன? பெரிய மரமாப் பாத்து ஒளிஞ்சுக்குங்க!"

நாவல் மரத்துக்குப் பின்னால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒளிந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டிக்கொண்டாள். மறுபடி ஒளிந்தாள். மறுபடி மாட்டிக்கொண்டாள். வீட்டிலிருந்து ஆட்கள் வந்து கூப்பிடும்வரை ஆட்டம் நடந்தது.

கதவைப் பூட்டிக் கால் கழுவப் போனவள், கையில் செம்போடு அப்படியே நின்றாள். வானம் இருட்டியிருந்தது. அந்தி எப்போதோ போய்விட்டிருந்தது.

ஓட்டமாய்க் குருவிடம் போனாள். அவர் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அவள் அழுதுகொண்டே அவர் முன்னால் நின்றாள்.

"என்ன, அம்மா?"

"இன்னைக்கு அவ பேரைச் சொல்லல, சாமி. அந்தி போனதே தெரியல. ஒரு தடவைகூட அவளை நினைக்கல. சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"ஏக்கம் தீரணும்னுதானே வந்தீங்க?"

"வேண்டாம், சாமி! அது இருக்கட்டும். அதுவும் போயிட்டா எங்கிட்ட அவ எங்க இருப்பா?"

அவள் அழுது ஓயும்வரை குரு காத்திருந்தார்.

"இத்தனை நாளா அவளை மடியை விட்டு இறக்கவே இல்ல நீங்க," என்றார் பிறகு. "இன்னைக்குத்தான் இறக்கிவிட்டிருக்கீங்க. ஆறு வயசுப் பிள்ளை, அம்மா. கொஞ்ச நேரம் விளையாடிட்டு வரட்டும்."