இருபது அடி தள்ளி ஒரு வணக்கம்

மழை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு காட்டில், வற்றாமல் கிடந்தது ஒரே ஒரு குட்டைதான், பிள்ளைகளே. அது புள்ளிமான்களின் குட்டை. அவர்கள் சம்மதிக்காமல் யாராவது வாய் வைத்தால், காவல் யானை தூக்கி எறிந்துவிடும்!

மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சடைச்சி என்ற கரடி, முதுகில் குட்டியைச் சுமந்துகொண்டு, நாக்கு வறண்டு அங்கே வந்து சேர்ந்தாள்.

கரடிகள் யாரைக் கண்டாலும் முதலில் முகத்தோடு முகம் வைத்து மோந்து பார்க்கும். அதுதான் அவர்கள் வணக்கம். மோந்து பார்க்காமல் பேசினால், "மரியாதை தெரியாத ஜென்மம்" என்று ஏசுவார்கள்.

சடைச்சியும் மரியாதையாக, மான்களின் தலைவன் நெடுங்காலனிடம் போய் மூக்கை நீட்டினாள். அவ்வளவுதான்! துண்டைக் காணோம், துணியைக் காணோம் என்று மான்கள் ஓடின.

விட்டாளா? பின்னாலேயே போய் மறுபடியும் மூக்கை நீட்டினாள்.

"ஏ கரடி!" நெடுங்காலன் தூர நின்று கத்தினான். "தண்ணீர் குடிக்க வந்தாயா, எங்களைத் தின்ன வந்தாயா? பொழுது சாய்வதற்குள் இடத்தைக் காலி பண்ணு!"

சடைச்சிக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "வணக்கம் சொன்னதற்கா இந்தப் பேச்சு? என் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல் நான் நகரவே மாட்டேன்!"

மரத்தில் இருந்த மைனா சிரித்தது. "அடி பைத்தியமே! இதுவரை அவர்கள் கிட்டே வந்த மூக்கெல்லாம் புலியின் மூக்குதான். மான்களுக்கு இருபது அடி தள்ளி நின்று காதை ஆட்டினால்தான் வணக்கம்."

"இருபது அடியா? அங்கிருந்து பார்த்தால் எனக்கு மானும் ஒன்றுதான், புதரும் ஒன்றுதான். யாரோடு பேசுகிறேன் என்று தெரிய வேண்டாமா?"

"இதை என்னிடம் சொல்லி என்ன பயன்? அவர்களிடம் சொல்லு."

சடைச்சி இருபது அடி தள்ளி உட்கார்ந்தாள். மூக்கு துறுதுறுத்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். குட்டி தாகத்தில் சிணுங்கியது. அப்போதும் அவள் எழுந்திருக்கவில்லை.

"நெடுங்காலரே! எனக்குக் கண் மங்கல். மோந்தால்தான் ஆள் தெரியும். அதற்காகத்தான் கிட்டே வந்தேன், இனி வரமாட்டேன். நீங்கள் காற்று வரும் பக்கம் நின்று பேசுங்கள். உங்கள் வாசம் என்னிடம் வந்துவிடும்."

"வேண்டாம் தலைவரே!" என்று மான்கள் பதறின. பாவம், புலிக்குப் பயந்து, தங்கள் வாசம் யார் மூக்கிலும் படாத பக்கமாகவே நின்று பழகியவை அவை.

நெடுங்காலன் கரடியையே பார்த்தான். பிள்ளை அழுதும் அவள் ஓர் அடி முன்னே வரவில்லை. அவன் காற்று வரும் பக்கம் போய் நின்றான்.

சடைச்சி இருந்த இடத்திலேயே மூச்சை இழுத்தாள். "அட, நீங்கள்தானா! வணக்கம்!" என்று காதை ஆட்டினாள். அந்தச் சடைக்காது ஆடிய லட்சணத்தைப் பார்த்து மான்கள் சிரித்துவிட்டன.

நெடுங்காலனும் காதை ஆட்டினான். "வணக்கம் அம்மா. முதலில் பிள்ளைக்குத் தண்ணீர் கொடுங்கள்."

நீதி: நமக்குத் தெரிந்த மரியாதை பிறருக்கு அச்சமாகலாம், அவருக்கு எது மரியாதை என்று அறிந்து பழகு.