சாட்சிக்கு வைத்த மீன்

முதலில் வம்பு செய்தவன் சமையற்காரன் சிவனணைந்தான்தான். தன் வீட்டில் மிஞ்சிக் கெட்டுப்போன சாளை மீனை இலையில் கட்டிக்கொண்டு வந்து ஆசிரமத்துக் கீரிக்குட்டிக்குப் போட்டான். பிச்சையாண்டி தடுத்தும் கேட்கவில்லை.

"கீரிக்கு என்ன வே, தலைவாழை இலை போட்டா பரிமாறணும்?" என்று சிரித்தான்.

அன்று மாலையே குட்டிக்கு வயிற்றால் போனது.

தாயில்லாத அந்தக் குட்டியைக் கண் திறக்கும் முன்பிருந்தே வளர்த்தவர் பிச்சையாண்டி. அறுபத்து மூன்று வயதுச் சீடர். அவருடைய குருவுக்கு நாற்பதுதான். அவரும் ஊரில் இல்லை, வர மூன்று நாள் ஆகும்.

பிச்சையாண்டி மாதுளைத் தோலை அவித்து ஊற்றினார். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரைத் துளித்துளியாகப் புகட்டினார். இரவில் தன் கட்டிலருகிலேயே படுக்க வைத்தார். பகலில் குட்டி கொஞ்சம் தலை தூக்கும். விடிந்தால் மறுபடியும் கழிச்சல். மூன்றாம் நாள் ரத்தமும் வந்தது.

"சாமி வரட்டும். நீ மன்னிப்புக் கேக்காம விடமாட்டேன்லே," என்றார் சிவனணைந்தானிடம்.

"கீரிகிட்டயா, உம்மகிட்டயா?"

"ரெண்டு பேர்கிட்டயும்."

குரு வந்தார். குட்டியைக் கையில் எடுத்து, கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். நீர் வற்றிய உடம்பில் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

"என்ன குடுத்தீங்க, அண்ணாச்சி?"

"கஞ்சித்தண்ணி, மருந்து. வேற ஒண்ணுமில்ல. எல்லாம் இவன் போட்ட மீனால வந்தது சாமி. நாளைக்கு இல்லேன்னு சாதிப்பான். அதான் மிச்சத்தை எடுத்துச் சாட்சிக்கு வச்சிருக்கேன்."

பிச்சையாண்டி குருவையும் சிவனணைந்தானையும் தன் அறைக்கு அழைத்துப் போனார். கட்டிலுக்கு அடியில், மீன் இலையின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தார். சிவனணைந்தான் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"மூணு நாளா இந்த நாத்தத்தோடயா படுத்துக் கெடந்தீரு?"

"உன் வண்டவாளம் தெரியணும்ல."

பிச்சையாண்டி கூடையைத் தூக்கக் குனிந்தார். அதற்குள் குட்டி குருவின் கையிலிருந்து நழுவி இறங்கியது. கால்கள் தள்ளாடின. ஆனாலும் எங்கும் முகர்ந்து தேடவில்லை. நேரே போய், கூடையின் ஓரத்தில் ஓலை பிய்ந்திருந்த ஓட்டை வழியாக உள்ளே நுழைந்தது.

உள்ளே மெல்லும் சத்தம் கேட்டது.

பிச்சையாண்டியின் கை கூடை மேலேயே நின்றுவிட்டது.

குரு கூடையை விலக்கினார். இலையில் பாதிக்கு மேல் வெறும் முள். குட்டியின் வாயில் இருந்த துண்டை விரல் விட்டு எடுத்தார். சிவனணைந்தான்கூடச் சிரிக்கவில்லை.

"நானா சாமி?" என்றார் பிச்சையாண்டி. "தினமும் நானா குடுத்திருக்கேன்?"

தரையில் உட்கார்ந்து குட்டியை மடியில் எடுத்துக்கொண்டார்.

"அப்ப, இவன் செஞ்சது தப்பில்லையா?"

"தப்புதான்."

"மன்னிப்புக் கேக்கணும்ல?"

குரு சிவனணைந்தானைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான்.

"கேக்கணும். இன்னும் கேக்கல," என்றார் குரு. மீன் இலையை மடித்துப் பிச்சையாண்டியிடம் நீட்டினார். "இதக் குழி தோண்டிப் புதைச்சிட்டு, கையக் கழுவிட்டு வாங்க, அண்ணாச்சி. குட்டி தண்ணிக்குத் தவிக்குது."