மாஸ்டர் என்று கத்தியவர்

“கிளாஸை மூடிட்டேன் மாஸ்டர்.”

வேதமாணிக்கத்துக்கு நாற்பது வயது. அவருக்குக் கராத்தே கற்றுக்கொடுத்த ஜெனிட்டாவுக்கு இருபத்தாறு. வேதமாணிக்கம் இவரை மாஸ்டர் என்பார். இவர் அவரை அண்ணாச்சி என்பார். அதில் ரெண்டு பேருக்கும் பிரச்சினை இல்லை.

பிரச்சினை வேற.

“ஏன் அண்ணாச்சி மூடுனீங்க?”

“தெருப் பிள்ளைக ஒண்ணுகூட என்னை மாஸ்டர்னு கூப்பிட மாட்டேங்குது. மாமாவாம், மாமா! பிளாக் பெல்ட் கட்டிட்டு நிக்கேன், ‘மாமா, தண்ணி குடிச்சிட்டு வரட்டா’ன்னு கேக்குது. மாஸ்டர்னு சொல்றவன் மட்டும் மாடிக்கு வான்னுட்டேன்.”

“வந்தாங்களா?”

“கீழயே நின்னு சிரிச்சிட்டுப் போயிட்டாங்க.”

“பேச்சியுமா?”

அவர் தலையை ஆட்டினார்.

பேச்சிக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முதல் போட்டி. சின்னப் பெண். இன்னும் இடது கையைத் தொங்கவிட்டுத்தான் நிற்கிறாள். அப்படியே களத்தில் இறங்கினால் முகத்தில் வாங்குவாள். அது அவருக்கும் தெரியும்.

ஜெனிட்டா யோசிக்கக்கூட இல்லை.

“பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. நடுவுல நின்னு ‘மாஸ்டர்’னு கத்துங்க. யாரு திரும்புறாங்கன்னு பாத்துட்டு வாங்க.”

“பைத்தியம்னு நெனப்பாங்க.”

“நெனச்சிட்டுப் போறாங்க.”

போனார். கத்தினார்.

சாயங்காலம் திரும்பி வந்தார்.

“யாரு திரும்புனா?”

“டீ மாஸ்டர். அப்புறம் பரோட்டா மாஸ்டர், கையெல்லாம் மாவு. மாடியில இருந்து டெய்லர் மாஸ்டர் எட்டிப் பாத்தாரு. கல்யாணத்துக்குப் போய்ட்டிருந்த பேண்டு மாஸ்டரும் நின்னுட்டாரு.”

“கராத்தே மாஸ்டர் யாரும் இல்லையா?”

“அந்தக் கூறுகெட்டவன்தான கத்திட்டு நின்னான்.”

ஜெனிட்டா சிரித்துவிட்டார். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வாரமாக வராத சிரிப்பு.

“திரும்புனவங்க என்ன சொன்னாங்க?”

“என்ன சொல்வாங்க? எல்லாரும் ஒண்ணுதான் கேட்டாங்க. ‘என்ன வேணும் அண்ணாச்சி?’”

சொன்னவர் அப்படியே நின்றார்.

ஜெனிட்டா அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

“சரி. நாளைக்குப் பிள்ளைகளைக் கூப்பிடுங்க. வரிசையா நிக்க வைங்க. ‘இனிமே என்னை மாஸ்டர்னுதான் கூப்பிடணும்’னு கண்டிப்பாச் சொல்லிட்டு கிளாஸை ஆரம்பிங்க.”

“சரி மாஸ்டர்.”

மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய் அவரே கூப்பிட்டார். முதல் வீடு பேச்சி வீடு. பிள்ளைகளெல்லாம் தடதடவென்று மாடி ஏறி வந்தன. வரிசையில் நின்றன.

அவர் தொண்டையைச் செருமினார்.

“இங்க பாருங்க. இனிமே என்னை...”

“மாமா!”

திரும்பினார்.

பேச்சி. பெல்ட் அவிழ்ந்து காலடியில் கிடந்தது. அழுகிற மாதிரி நின்றாள்.

“எனக்கு மட்டும் முடிச்சு நிக்கவே மாட்டேங்குது மாமா.”

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். பெல்ட்டை எடுத்து ரெண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். மெதுவாகக் கட்டினார், அவள் பார்த்துக் கற்றுக்கொள்கிற மாதிரி. பிறகு அவளுடைய இடது கையைப் பிடித்து முகத்துக்கு நேராக உயர்த்தி வைத்தார்.

“இதை மட்டும் எறக்காத. என்ன?”

“சரி மாமா.”

“ம். எல்லாரும் கையைத் தூக்குங்க.”

கிளாஸ் ஆரம்பித்துவிட்டது.

ஜெனிட்டா சொல்லச் சொன்னதை அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை.