மாலை போட்ட பிக்கப்

பெண் ஓட்டினால் வண்டி கெட்டுப்போகும் என்று ஒரு கூட்டம் சொல்லிக்கொண்டு திரிகிறதே, அதில் ஒருவர் மஞ்சள் மண்டி முதலாளி தணிகாசலம். ஆயுத பூஜையன்று தன் பிக்கப்பின் முகமே மறையும்படி தடித்த சாமந்தி மாலையைத் தன் கையாலேயே கட்டினார். மறுநாளிலிருந்து இரண்டு மைல் போனாலே இஞ்சின் கொதித்தது.

"பொம்பளை ஓட்டினா வேறென்ன ஆகும்? சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணு, செல்லக்கிளி. இல்லேன்னா சாவியைக் கொடுத்துட்டுக் கிளம்பு. மாலை மேல மட்டும் உன் கை படக்கூடாது!"

டிரைவர் செல்லக்கிளி முதலாளி வீட்டு வாசலிலேயே பானட்டைத் திறந்தாள். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது. பெல்ட் இறுக்கமாக இருந்தது. விசிறியும் சுற்றியது. காற்று உள்ளே நுழையத்தான் வழியில்லை.

முதலாளி மகாலட்சுமி என்று பெயரிட்டு தினமும் கும்பிடும் பசு வாசலில் கட்டியிருந்தது. வண்டியை அதற்கு நேரே நிறுத்திவிட்டு, உட்கார்ந்து டீ குடித்தாள்.

முதலாளி ஓடிவந்தார். "மாலை எங்க?"

"நான் தொடலைங்க. மகாலட்சுமி சாப்பிட்டுட்டாங்க. வாயிலேர்ந்து பிடுங்கட்டுங்களா?"

பசுவைத் திட்ட வாய் வராமல் அவர் வண்டியில் ஏறினார். எட்டு மைல் போயும் சூடு காட்டும் முள் ஏறவில்லை. சாவியை அவர் கேட்கவில்லை, வேறொன்று கேட்டார்.

"மாலைதான் காரணம்னு முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நான் சொன்னா கேட்டிருக்க மாட்டீங்க. மாடு சொன்னா மறுக்க மாட்டீங்கல்ல."